மாத்திரைக்கு மசியாதவள்

“காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல, வலியும் இல்ல. எனக்கெதுக்கு மாத்திரை?”

நோயாளி உட்காரும் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ரத்தம், யூரின் டெஸ்ட் பார்க்கும் லேப்காரி. அடேயப்பா, என்ன நடிப்பு! மேஜைக்கு அந்தப் பக்கம் நர்ஸ். வாயைத் திறந்தால் வராண்டா வரைக்கும் கேட்கும் என்பதால் ஆஸ்பத்திரிக்கே அவள் ‘மைக்’.

திங்கட்கிழமை கர்ப்பிணிகள் வருவதற்கு முன்னால் இப்படி ஒரு ஒத்திகை நடக்கும். ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். இன்றைக்கு வரப்போகிறவள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்றாள் லேப்காரி. யூரினில் கிருமி. விட்டால் குழந்தை நாள் ஆகாமலே பிறந்துவிடலாம். ஆனாலும் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

“கிருமி என்ன, கதவைத் தட்டிட்டா வரும்?” என்றாள் மைக். “உனக்குத் தெரியாமலே உள்ள உட்கார்ந்து வேலை பார்க்கும்மா.”

“ஆன்டிபயாடிக் குழந்தைக்கு ஆகாதே!”

“ஆகுற மருந்தாப் பார்த்துதான் டாக்டர் எழுதியிருக்காங்க. ஏழே நாள்.”

“தண்ணி நிறைய குடிச்சா தானா போயிடுமாம்.”

“குடி, யாரு வேண்டாம்னா? மாத்திரையையும் சேர்த்து முழுங்கு.” மைக் சிரித்தாள். “ஏய், இவ்வளவு சாக்கு எங்கடி பிடிச்ச?”

லேப்காரி சிரிக்கவில்லை. “போன தடவை நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் சிஸ்டர். அப்படியும் ஏழாம் மாசமே பொறந்துச்சு. தங்கல. இப்ப மட்டும் மாத்திரை காப்பாத்திடுமா?”

இந்தத் தடவை மைக்கின் குரல் மேஜையைக்கூடத் தாண்டவில்லை.

“காப்பாத்தும்னு எழுதித் தர முடியாதும்மா. ஆனா, இருக்குன்னு தெரிஞ்ச கிருமியை எதுக்கு விட்டு வைக்கணும்? அன்னைக்கு என்ன ஏதுன்னே தெரியல. இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. பயந்துகிட்டாவது போட்டுடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். “போதும்டி. அந்தப் பிடிவாதக்காரி எப்ப வர்றா?”

“வந்து அரை மணி நேரமாச்சு” என்ற லேப்காரி, பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றை மேஜைமேல் வைத்தாள். “காலையில உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துட்டு, நீ சொல்ற சாக்கையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லிட்டுப் போனார்.”

மைக் தன் ஐந்து மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்காக இன்னொரு கையை நீட்டினாள்.