விட்டுப்போன வாசல்

மகாநவமி அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் பாடி வந்தார்கள். வடிவம்மாள் வீடு நெருங்கியதும் வாத்தியார் ஆவுடைநாயகம் கையை உயர்த்தினார்.

"பாட்ட நிறுத்துங்கலே. இந்த வீடு வேண்டாம்."

"ஏன் ஐயா? போன வருசம் இங்கனதான சுண்டல் நெறையக் குடுத்தாவ?"

"சொன்னாக் கேளு. பைய நட."

அந்தப் பக்கம் திரும்பாமலே அவர் கடந்து போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்குமுன்பே வடிவம்மாள் அதன் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வீட்ட மட்டும் ஏன் விட்டுட்டிய, வாத்தியாரையா?"

அவர் தடுமாறினார். "தப்பா நெனைக்காதிய. வாந்திபேதியில பிள்ளையப் பறிகுடுத்து இன்னும் வருசம் திரும்பல. துட்டி வீட்டு வாசல்ல எப்படிம்மா கோலாட்டம் அடிக்க?"

"போன வருசம் அவன்தான முன்னால நின்னு பாடினான்? அவன் கூட்டாளிமாரு பாட்டையாவது கேக்கலாம்னு காத்துக் கெடந்தேன். துட்டி வீட்டுல கோலமான்னு தெருவே ஏசிச்சு. ஏசட்டும்னு வாசலடைக்கக் கோலம் போட்டு வச்சிருந்தேன். நீங்க பாக்கலியா?"

அவர் பார்க்கவில்லை.

"இன்னைக்கே பிள்ளையளக் கூட்டிட்டு வாரேம்மா."

"வேண்டாம்யா. பாட்டு நின்னதுமே கோலத்த அழிச்சிட்டேன்."