பாலைப்பழக் காலம்

சிறுத்தையைக் கண்டும் அவள் முகம் மலரவில்லை.

பாறை மேல் காலை நீட்டிப் படுத்திருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். ஜீப் சாரதி நிஸ்தாருக்குப் பெருமை தாங்கவில்லை. இலங்கையின் வில்பத்துக் காட்டுக்கு வந்து இதைக் காணாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

அவள் “ம்” என்றாள். அவ்வளவுதான்.

“உங்களுக்கு வேற என்னதான் வேணும், அம்மா?”

மகள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சலிப்பும் இருந்தது.

வேண்டியதன் பெயரை அவளால் சொல்ல முடியாது.

வன்னியில் பிறந்தவள். காட்டுக்குள் நின்றுகொண்டு காட்டு மிருகத்தைப் பெயர் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். கனடாவில் இத்தனை வருடம் பனி தள்ளியும் அந்தப் பழக்கம் விடவில்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால், இரண்டு நாளாக நிஸ்தார் சிறுத்தைக்குப் பின்னால் அலைந்திருக்க மாட்டார்.

சொல்ல மாட்டாள். அவள் அப்படியொரு பிறவி.

ஆனி மாதம்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்து, மகளின் லீவை மாற்ற வைத்து, கடைசியில் ஏன் என்றும் சொல்லவில்லை.

நாளைக்கு விமானம். இந்த முழங்காலோடு இனி ஒருமுறை வர முடியாது.

ஜீப் திரும்பியது.

வளைவில் ஒரு பாலை மரம். ஆனியில்தான் அது பழுக்கும். உச்சியில் கிளை முறியும் சத்தம்.

“நிப்பாட்டுங்கோ தம்பி!”

நிஸ்தார் நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார்.

கறுத்த சடை மயிர். நீள நகம். கிளையை வளைத்து, முறித்து, பழத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“கரடி” என்றார் நிஸ்தார், மெதுவாக. “லேசில காணக் கிடைக்காது.”

பெயரைச் சொல்லிவிட்டாரே என்று அவளுக்குத் திக்கென்றது.

கரடி கோபிக்கவில்லை. தின்றுகொண்டே இருந்தது.

அவள் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. துடைக்கிற நேரத்துக்குப் பார்வை தவறிவிடுமே.

சண்டைக் காலத்தில், அன்றைக்கு அவளால் ஓட முடியவில்லை.

ஷெல்லுக்குப் பயந்து காட்டுக்குள் இறங்கிய சனம் முன்னால் போய்விட்டது. கணவன் தண்ணீர் தேடிப் போயிருந்தான். இரண்டு நாள் பட்டினி. வயிற்றில் ஏழு மாதம். காலையிலிருந்து உள்ளே அசைவு இல்லை.

ஒரு பாலை மரத்தில் சாய்ந்தாள். இனி எழும்புவதில்லை என்று நினைத்தாள்.

மேலேயிருந்து ஒரு கிளை விழுந்தது. பழத்தோடு.

நிமிர்ந்தாள். கரடி குனிந்து பார்த்தது.

பிறகு இன்னொரு கிளையை முறித்துப் போட்டது.

அது தன் பாட்டுக்குத் தின்றது, சிந்தியதை இவள் பொறுக்கினாள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பசியில் கிடந்தது அவள். தந்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பழத்தின் பாலில் உதடு ஒட்டும்வரை தின்றாள்.

பொழுது சாயும்போது வயிற்றுக்குள் ஓர் உதை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியாயிற்று. அகதி முகாமில் கஞ்சி ஊற்றியவர்களுக்கு, விசா தந்தவர்களுக்கு, கோட்டு வாங்கித் தந்த தேவாலயத்துக்கு. இந்த ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் கிடந்தது.

கையைக் கூப்பினாள்.

“அம்மா, என்ன செய்யிறீங்க?”

சடசடவென்று ஒரு கிளை விழுந்து ஜீப்பின் பக்கக் கம்பியில் தொங்கியது. மஞ்சள் மஞ்சளாய்ப் பழம்.

காட்டிலிருந்து ஓர் இலைகூட எடுக்கக் கூடாது. நிஸ்தாருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். வெகுநேரம் சரிசெய்தார்.

அவள் ஒரு பழத்தைப் பறித்தாள். தன் வாயில் போடவில்லை. மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

மகள் கொஞ்சம் தயங்கிக் கடித்தாள். கண்கள் விரிந்தன.

“என்ன இனிப்பு! இப்பதான் முதல்முதலாச் சாப்பிடுறன்.”

“இல்லை, பிள்ளை” என்றாள் அவள்.