டெரன்ஸின் டோன்

டெரன்ஸ் இறந்த பிறகு அவருடைய கிதார் ஒலி, அவருடைய டோன், ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்தது. வாசிப்பவரின் விரலைக் கற்றுக்கொண்டு, பிறகு யார் கம்பியைத் தொட்டாலும் அந்த விரலின் ஒலியையே தரும் பெட்டி அது. அவர் மனைவி ஹில்டாவுக்கு வாசிக்கத் தெரியாது. மாலைதோறும் ஒரு கம்பியை மட்டும், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெல்லச் சுண்டிக் கேட்பாள்.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு அவர் டோனில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய, அவர் குழுவில் வாசித்த கிளாட்சன் வந்தான். கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"அண்ணி, இது அண்ணன் டோன் இல்லியே. அவர் அடிச்சா ஜன்னல் அதிரும். இது கொழந்தையத் தட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு. வேற யாராச்சும் வாசிச்சாங்களா?"

"நான்தான். தெனமும் ஒரு கம்பிய மட்டும் தொடுவேன்."

கிளாட்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பெட்டி யார் தொட்டாலும் கத்துக்கிட்டே இருக்கும் அண்ணி. லாக் போட்டிருக்கணும். பழசு இனி வராது."

ஹில்டா கிதாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கம்பியைச் சுண்டினாள். அவருடைய கரகரப்பு அடியில் இன்னும் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, மெதுவா வாசிங்கன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொன்னேன்" என்றாள். "இப்பத்தான் கேட்டிருக்கார். இதையே பதிவு பண்ணு."