கழுகுக்கண் என்றொரு ரசிகர்

கிளப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் இரும்புப் பெட்டியைத் திறந்த பல் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. துப்பாக்கியைக் காணோம்!

துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்ததிலிருந்தே டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியை எடுத்தாலே கை நடுங்குகிறது என்று நோயாளிகள் கேலி செய்யும் மனிதர், ஞாயிறுதோறும் பிஸ்டலும் கையுமாக இணையத்தில் காட்சி தந்தார். குறி தப்பிய அட்டைகள் குப்பைக்குப் போயின. தப்பித்தவறி நடுவில் பட்டது மட்டும் படத்துக்கு வந்தது.

"எதுக்குங்க வீட்டை ஊருக்கே திறந்து காட்டறீங்க? பார்க்கிறவங்க எல்லாரும் நல்லவங்களா?" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டிவிட்டார் டாக்டர்.

அந்தப் படங்களை யாரும் சீந்தவில்லை, 'கழுகுக்கண்' என்ற பெயரில் ஒரு ரசிகர் வரும்வரை.

'அண்ணே, என்னா கம்பீரம்!' என்றது முதல் பாராட்டு. டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'வீட்ல எங்கண்ணே வைப்பீங்க?' என்று கேட்டதும் பெட்டியைப் படம் எடுத்துப் போட்டார். 'சாவி பத்திரமா?' என்றதும், மனைவியிடம்கூடச் சொல்லாத இடத்தைக் காட்டினார். அலமாரியில் வாய் பிளந்து நிற்கும் பிளாஸ்டர் பல்செட்டுக்குள் இருந்தது சாவி. படத்துக்குக் கீழே, 'என் சாவிக்கு முப்பத்திரண்டு காவலாளிகள்!' என்று நகைச்சுவை வேறு.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"கதவு நம்பர் தெரியுது. எந்த நேரம் வீட்ல இருக்க மாட்டீங்கன்னு தெரியுது. பால்கனி தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கறதும் தெரியுது. திருடனுக்கு ஒரு டீ மட்டும் போட்டு வச்சிருந்தா குறையே இல்லை, டாக்டர்."

டாக்டர் கூனிக் குறுகினார். அவமானத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"சார், அதை வச்சு யாரையாவது சுட்டுட்டான்னா? என் பெருமைக்கு எவனோ சாகணுமா? லைசென்ஸ் போனாலும் போகட்டும், எப்படியாவது அந்தக் கழுகுக்கண்ணைப் பிடிங்க சார்!"

"பிடிக்கலாம். முதல்ல எல்லாப் படத்தையும் அழிங்க."

ஒன்று விடாமல் அழித்தார் டாக்டர். அந்தப் பிளாஸ்டர் பல் படத்தை அழிக்கும்போது கண்ணில் நீரே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வைத்தார்.

"உங்க ரசிகர் காலையிலயே இதோட வந்து உட்கார்ந்தாச்சு. நீங்க உங்க கையால அத்தனையையும் அழிக்கற வரைக்கும் இதைக் குடுக்கவே கூடாதுன்னு ஒரே பிடிவாதம்" என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த கழுகுக்கண், அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போன டாக்டரின் மனைவி!