தேரை ஊறிய தண்ணீர்

அண்டாவின் மூடியைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே தேரை.

ராத்திரி முழுவதும் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது. முதுகெல்லாம் மருவும் கொப்புளமும். தோலிலிருந்து பால் மாதிரி ஏதோ கசிந்து, மேலே நுரை கட்டியிருந்தது.

சீ.

அலையாத்திக் காட்டோரத்துச் சேற்றில் அவள் புருஷன் தேடிப் பிடித்து வந்தது. மழைக்காலத்தில் அங்கே கால் வைக்கிற இடமெல்லாம் இதுகள்தான். ஈரத்துக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். செருப்பை உதறாமல் அவள் போட்டதே கிடையாது.

இந்தத் தண்ணீரில்தான் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டுமாம்.

குழந்தை பக்கத்தில் பாயில் கிடந்தது. எழுந்து உட்காருகிற வயசு. விலாவை எண்ணிவிடலாம். நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை.

நாத்தனார் சொம்பை நீட்டினாள்.

"மாசமா இருக்கையில ஒம் மேல தேரை பாஞ்சிருக்கு. நீ மறைச்சிட்ட. இப்ப புள்ள சூம்பிப் போயி கெடக்கு. பாத்துக்கிட்டே நிக்கிறியே, ஊத்து."

பாயவில்லை. பாய்ந்திருந்தால் அவள் போட்டிருக்கும் கூச்சலில் ஊரே கூடியிருக்கும். எத்தனை தடவைதான் சொல்வது?

புருஷன் வாசலில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோதும் அப்படித்தான் நின்றான்.

சொம்பை முக்கினாள்.

தேரை அண்டாவின் ஓரத்தில் ஏறியது. வழுக்கி விழுந்தது. மறுபடி ஏறியது. அதன் வயிறு அடித்துக்கொண்டது.

பாயில் குழந்தையின் வயிறும்.

வாய் திறந்தே இருந்தது.

சொம்போடு நிமிர்ந்தாள். நாத்தனார் நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.



சொம்பைக் கீழே வைத்தாள். வெறும் கையை அண்டாவுக்குள் விட்டாள். வழவழவென்று, குளிர்ந்து, கைக்குள் நெளிந்தது. உச்சந்தலை வரைக்கும் கூசியது. பிடியை விடவில்லை. வேலியோரம் கொண்டுபோய் இறக்கி விட்டாள்.

திரும்பி வந்து அண்டாவைக் காலால் சாய்த்தாள். தண்ணீர் ஓடிவர, நாத்தனார் சீச்சீ என்று துள்ளி விலகினாள்.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ் ரோட்டுக்குக் கிளம்பினாள்.

வாசலில் புருஷன் கையை நீட்டினான்.

அந்தக் கை மேலே பட்டுவிடாமல், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.