பின்பக்கச் சுவர்

“பின்பக்கச் சுவரு விரிசல் விட்டு நிக்குடா மெல்வின். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்” என்றார் எலியேசர்.

“நான் வந்து என்னப்பா செய்யப் போறேன், நான் என்ன கொத்தனாரா? பணம் போட்டு விடுறேன். நல்லா பலமாக் கட்டச் சொல்லுங்க. முடிஞ்சதும் போட்டோ அனுப்புங்க.”

பெங்களூரிலிருந்து பேசிய மகன் சொன்ன சொல் தவறவில்லை. போனை வைத்ததுமே பணம் வந்துவிட்டது. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கும் வீடாயிற்றே! ராஜபாளையத்தில் இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்?

மறுநாள் காலை மம்சாபுரத்திலிருந்து கொத்தனார் குருவையா வந்து சேர்ந்தார். சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார்.

“ஐயா, விரிசலே இல்லையே! போன மாசம்தான நான் கட்டுனேன்? மகனுக்குப் போட்டோகூட அனுப்புனீங்க!”

“அவன் எங்க அதையெல்லாம் பாக்கான்? பணம் போட்டதோட மறந்துருவான். நீ இடிச்சுட்டு மறுபடியும் கட்டு.”

“நல்ல சுவரை எதுக்குய்யா இடிக்கணும்?”

எலியேசர் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ வேலை பாத்த நாளுலதான்யா இந்த வீட்டுல ரெண்டு பேருக்குச் சோறு பொங்குனேன்.”

குருவையா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். “இதுக்குப் போயி சுவரை இடிப்பாங்களா? நானே அடிக்கடி வந்து உங்களைப் பாத்துட்டுப் போறேன்யா.”

“அப்படிச் சொல்லிட்டுத்தான் எம்மவனும் போனான். நீ இடி.”