வீட்டாள் ஜாமீன்

"குழாய்த் தண்ணி நாறுதுன்னு பதிவு போடக்கூட விரல் வைக்க மாட்டீங்களா?" என்று மங்கை வீடதிரக் கத்தினாள்.

"பொய்ப் பதிவுன்னு சொல்லிட்டா என்னையில்ல உள்ள தூக்கி வைப்பான்!" என்றான் கணவன் தணிகைவேல்.

சமூக ஊடகத்தில் எதை எழுதினாலும் வீட்டாள் ஒருவர் விரல்ரேகை வைத்து ஜாமீன் நிற்க வேண்டும் என்பது நாடாளுமன்றம் போட்ட புதுச் சட்டம்.

எதிர்வீட்டு ரெஜினா கதவிடுக்கில் காதை வைத்துச் சிரித்தாள். அவள் வீட்டுத் தண்ணீரும்தான் நாறியது. ஆனால் அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்கிற சுகம் பதிவு போடுவதில் வருமா?

மழைக்காலத்தில் மங்கையின் குழந்தை அந்தத் தண்ணீரால் வந்த காய்ச்சலில் போய்விட்டது. தணிகைவேல் வீட்டைக் காலிசெய்தான். மங்கை அவனை விவாகரத்து செய்துவிட்டு, விரல் வைக்கச் சம்மதித்த ஒருவனைக் கட்டிக்கொண்டு வேறூர் போனாள்.

இப்போது ரெஜினாவின் மகளுக்குக் காய்ச்சல். "ஏங்க, ஒரே ஒரு விரல்" என்று கைபேசியை நீட்டினாள். புருஷன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.